படுக்கைப் புண்: கழுத்துக்குக் கீழே உணர்வில்லாதவரை 2 மணி நேரத்துக்கு ஒருமுறை ஏன் திருப்ப வேண்டும்? மருத்துவமனையிலும் வீட்டிலும் செய்ய வேண்டியது என்ன?

பைக் விபத்து, தென்னை மரத்திலிருந்து விழுந்தது, ஆழமில்லாத கிணற்றில் தலைகீழாகக் குதித்தது... காரணம் எதுவாக இருந்தாலும் கழுத்துப் பகுதியில் தண்டுவடம் அடிபட்டால், ஒரே நொடியில் கை கால் நான்கும் செயலிழந்துபோகலாம். ஆபரேஷன் முடிந்து, வாரக்கணக்கில் ஆஸ்பத்திரியில் இருந்து, "உயிர் பிழைச்சாச்சு, இனி வீட்டுல பாத்துக்கலாம்" என்று கூட்டி வருவார்கள். அதற்குப் பிறகு அந்த உயிருக்கு ஆபத்தாக வருவது பெரும்பாலும் முதுகுக்குக் கீழே தோன்றும் ஒரு சின்னச் சிவப்புத் தடம்.

அதுதான் படுக்கைப் புண். ஊரில் எல்லோரும் சொல்வது பெட் சோர். "சின்னதாத்தான் சிவந்திருக்கு, பவுடர் போட்டா போயிடும்" என்று விட்டால், சில நாட்களில் எலும்பு தெரியும் அளவுக்குப் போகும். ஆறுவதற்கோ மாதக்கணக்கு ஆகும்.

'சூப்பர்மேன்' படங்களில் நடித்த கிறிஸ்டோபர் ரீவ், 1995-ல் குதிரையிலிருந்து விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். வசதிக்கும் நர்ஸ்களுக்கும் குறைவில்லை. அப்படியிருந்தும் படுக்கைப் புண்ணில் ஏற்பட்ட தொற்றுக்குச் சிகிச்சை பெற்றுவந்த நேரத்தில் இதயம் நின்று, 2004 அக்டோபர் 10-ம் தேதி இறந்தார். அவருக்கே அந்த நிலை என்றால், சோளிங்கர் பக்கத்தில் ஒரு கிராமத்து வீட்டில் என்ன செய்வது? நிறையவே செய்யலாம். அதில் முக்கால்வாசி பணம் கேட்காத வேலை. ஆனால் நேரம் தவறாத வேலை.

குவாட்ரிப்ளீஜியா என்றால் என்ன?

மூளையிலிருந்து உடம்புக்கும், உடம்பிலிருந்து மூளைக்கும் தகவல் போய்வரும் கேபிள்தான் தண்டுவடம். அது கழுத்து மட்டத்தில் பாதிக்கப்பட்டால் கை, உடல், கால் எல்லாமே பாதிக்கப்படும். இதுதான் குவாட்ரிப்ளீஜியா. டெட்ராப்ளீஜியா என்றும் சொல்வார்கள். முதுகு மட்டத்தில் அடிபட்டு, கைகள் தப்பி, கால்கள் மட்டும் செயலிழந்தால் அது பாராப்ளீஜியா.

இரண்டுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. பாராப்ளீஜியா உள்ளவர் கையை ஊன்றித் தன்னைத் தூக்கிக்கொள்ளலாம். கண்ணாடி வைத்துத் தன் முதுகைத் தானே பார்க்கலாம். குவாட்ரிப்ளீஜியாவில் பெரும்பாலும் இரண்டுக்குமே இன்னொருவர் வேண்டும்.

புண் ஏன் வருகிறது?

நாம் தூங்கும்போது நமக்கே தெரியாமல் பலமுறை புரள்கிறோம். பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போது அடிக்கடி இடம் மாறி உட்காருகிறோம். ஒரே இடத்தில் அழுத்தினால் அங்கே ரத்த ஓட்டம் குறையும், வலிக்கும், உடம்பு நகர்ந்துகொள்ளும். தண்டுவடம் பாதிக்கப்பட்டவருக்கு இந்த வலி மூளைக்குப் போவதில்லை. போனாலும் நகர முடிவதில்லை. எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட சதை ரத்தம் கிடைக்காமல் சாகத் தொடங்குகிறது. பல நேரங்களில் சேதம் உள்ளே எலும்பின் மேல் ஆரம்பித்து, கடைசியில்தான் தோலுக்கு வருகிறது. வெளியே சின்ன ஓட்டை, உள்ளே பெரிய பொந்து என்று இருப்பது இதனால்தான்.

இந்தப் பாடத்தை வேலூர் வட்டாரம் எப்போதோ கற்றுவிட்டது. 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்த அறுவை சிகிச்சை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் கால்களை ஆராய்ந்தார். தொழுநோய் சதையை அழுகச் செய்கிறது என்று அதுவரை பலரும் நம்பினார்கள். நோய் கெடுப்பது நரம்பை. உணர்வு போன காலில் அழுத்தம் விழுந்து விழுந்துதான் புண் வருகிறது என்று அவர் காட்டினார். அதன் பிறகு கரிகிரி தொழுநோய் மருத்துவமனையில் மென்மையான ரப்பர் அடிப்பாகம் கொண்ட எம்.சி.ஆர். செருப்புகள் புழக்கத்துக்கு வந்தன. தோல், ஷூ தொழிலுக்குப் பேர்போன இந்தப் பகுதியில் அழுத்தத்தைக் குறைக்கும் செருப்பே மருந்தானது.

படுக்கைப் புண்ணுக்கும் இதே கணக்குதான். வலி செய்ய வேண்டிய காவல் வேலையை இனி வீட்டில் இருப்பவரின் கண்ணும் கடிகாரமும் செய்ய வேண்டும்.

எங்கே பார்க்க வேண்டும்?

தினமும் காலை ஒருமுறை, இரவு ஒருமுறை நல்ல வெளிச்சத்தில் இந்த இடங்களைப் பாருங்கள்:

• முதுகின் அடிப்பகுதி, வால் எலும்புக்கு மேலே
• உட்காரும் எலும்புகள் இரண்டும்
• இடுப்பின் பக்கவாட்டில் துருத்தும் எலும்பு
• குதிகால், கணுக்காலின் இரு பக்கமும்
• முழங்காலின் உள்பக்கம்
• தோள்பட்டை எலும்பு, முழங்கை
• பின்தலை, காது மடல்

சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்து, மறுபடி சிவந்தால் ரத்த ஓட்டம் இருக்கிறது. வெளுக்கவே இல்லை என்றால் அது முதல் நிலைப் புண். நம்மில் பலருக்கு மாநிறம் அல்லது கறுப்பு நிறம் என்பதால் சிவப்பு தெரியாமலே போகலாம். அப்போது பக்கத்துத் தோலைவிடக் கறுத்தோ ஊதாவாகவோ இருக்கிறதா, தொட்டால் சூடாக இருக்கிறதா, கெட்டியாகவோ கொழகொழவென்றோ இருக்கிறதா என்று புறங்கையால் தொட்டுப் பாருங்கள்.

புண்ணுக்கு எத்தனை நிலை?

முதல் நிலையில் தோல் கிழியாது, நிறம் மட்டும் மாறும். இரண்டாம் நிலையில் கொப்புளம் வரும் அல்லது மேல்தோல் உரியும். மூன்றாம் நிலையில் தோல் முழுசாகப் போய், அடியில் உள்ள கொழுப்பு தெரியும். நான்காம் நிலையில் தசை, தசைநார், எலும்பு வரை குழி விழும். புண் மேல் கறுப்பாகப் பக்கு மூடியிருந்தால், அது நீங்கும் வரை ஆழம் எவ்வளவு என்றே சொல்ல முடியாது.

முதல் நிலையில் அந்தப் பக்கம் படுக்க வைக்காமல் இருந்தாலே பெரும்பாலும் சில நாட்களில் சரியாகிவிடும். இரண்டாம் நிலைக்கு நர்ஸ் அல்லது டாக்டரின் யோசனை வேண்டும். மூன்று, நான்கு என்றாலும் கறுப்புப் பக்கு என்றாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும்.

மருத்துவமனையில் என்ன செய்வார்கள்?

முதலில் புண்ணின் நீளம், அகலம், ஆழம் அளப்பார்கள். உள்ளே பொந்து எவ்வளவு தூரம் போகிறது என்று பார்ப்பார்கள். ரத்தத்தில் ஹீமோகுளோபின், புரதம், சர்க்கரை அளவு பார்ப்பார்கள். எலும்பு வரை போயிருந்தால் எலும்பில் தொற்று இருக்கிறதா என்று எக்ஸ்ரே அல்லது எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள்.

அடுத்து, செத்துப்போன சதையை வெட்டி அகற்றுவார்கள். அது இருக்கும் வரை எந்த மருந்து போட்டாலும் புண் ஆறாது. சில புண்களுக்கு வேக் டிரெஸ்ஸிங் போடுவார்கள். புண்ணை ஸ்பாஞ்ச் வைத்து மூடி, மெஷின் மூலம் உள்ளே உள்ள நீரை உறிஞ்சும் முறை இது.

ஆழமான புண்ணுக்கு ஃபிளாப் ஆபரேஷன் தேவைப்படலாம். பக்கத்தில் உள்ள தோலையும் சதையையும் ரத்தக் குழாயோடு நகர்த்திக் குழியை மூடுவார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு பல வாரங்கள் அந்த இடத்தில் பாரமே படக் கூடாது. பிறகு உட்காருவதையும் 10, 15 நிமிடத்தில் தொடங்கி, தோலைப் பார்த்துப் பார்த்துத்தான் கூட்ட வேண்டும். "தையல் பிரிச்சாச்சு, இனி உக்காரலாம்" என்று வீல்சேரில் வைத்தால் அதே இடம் மறுபடி பிரியும்.

எந்த மருந்து நல்ல மருந்து?

வீட்டில் இருப்பவர்கள் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான். சி.எம்.சி.யின் மறுவாழ்வு மருத்துவத் துறையில் நடந்து 2007-ல் வெளியான ஓர் ஆய்வைப் பார்க்கலாம். தண்டுவடப் பாதிப்பும் இரண்டாம் நிலைப் புண்ணும் உள்ள 28 பேரை இரு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு ஃபெனிட்டாயின் கரைசல், இன்னொரு குழுவுக்கு வெறும் சலைன் வைத்துக் கட்டினார்கள். மருந்து வைத்தவர்களுக்குக் கொஞ்சம் முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் உறுதியாகச் சொல்லும் அளவுக்கு வித்தியாசம் இல்லை.

சின்ன ஆய்வுதான். ஆனாலும் குடும்பங்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இதில் இருக்கிறது. விலை உயர்ந்த ஆயின்மென்ட் தேடி அலைவதற்கு முன், புண் மேல் இன்னும் பாரம் விழுகிறதா என்று பார்க்க வேண்டும். பாரம் விழுந்துகொண்டே இருந்தால் எந்த மருந்தும் வேலை செய்யாது.

வீட்டில் 2 மணி நேரக் கணக்கு எப்படி?

1944-ல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் தண்டுவடப் பிரிவைத் தொடங்கிய டாக்டர் லுட்விக் குட்மன், நோயாளிகளை இரவு பகலாக 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்ப வைத்தார். பின்னாளில் பாராலிம்பிக் போட்டிகளுக்கு வித்திட்டவரும் இவரே. இன்றும் தொடக்கக் கணக்கு அதுதான்.

• இடது பக்கம், மல்லாக்க, வலது பக்கம் என்று மாற்றுங்கள். புண் உள்ள பக்கத்தைச் சுற்றிலிருந்தே எடுத்துவிடுங்கள்.
• நேர் பக்கவாட்டில் படுக்க வைக்காதீர்கள். முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்து, சுமார் 30 டிகிரி மட்டும் சாய்த்தால் போதும். இடுப்பு எலும்பும் தப்பும், வால் எலும்பும் தப்பும்.
• முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை. கெண்டைக்காலுக்கு அடியில் இன்னொன்று வைத்து, குதிகால் அந்தரத்தில் இருக்கும்படி செய்யுங்கள்.
• இழுக்காதீர்கள், தூக்குங்கள். அடியில் ஒரு போர்வையை மடித்துப் போட்டு, இரண்டு பேர் இரு பக்கமும் பிடித்துத் தூக்கலாம். இழுத்தால் தோல் ஒரு பக்கமும் எலும்பு ஒரு பக்கமும் நகர்ந்து உள்ளே கிழியும்.
• சாப்பிடும் நேரம் தவிர மற்ற நேரங்களில் கட்டிலின் தலைப்பக்கத்தை 30 டிகிரிக்கு மேல் உயர்த்த வேண்டாம். உடம்பு கீழே சறுக்கும்.
• வீல்சேரில் இருந்தால் அரை மணி நேரத்துக்கு ஒருமுறை 2 நிமிடமாவது முன்னால் சாய்த்துப் பிடியுங்கள். சாய்க்கக்கூடிய வீல்சேர் என்றால் பின்னால் சாயுங்கள். உட்காரும் எலும்பில் புண் இருந்தால், டாக்டர் சொல்லும் வரை உட்காரவே வேண்டாம்.

வேலைக்குப் போகிற வீட்டில் என்ன செய்வது?

இங்கேதான் பல குடும்பங்களில் சிக்கல். ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனிகளுக்குக் கம்பெனி வேனில் போகும் பெண்கள் ஏராளம். கணவருக்கு அடிபட்டால் மனைவியின் சம்பளம்தான் வீட்டுக்கு வருமானம். காலையில் வேன் ஏறினால் திரும்பச் சாயங்காலம் ஆகிவிடும். நடுவில் யார் திருப்பிப் போடுவது?

ஒருவரே எல்லாம் செய்ய முடியாது என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். மாமியார், பக்கத்து வீட்டு அக்கா, காலேஜ் முடித்த தம்பி என்று ஆளுக்கொரு நேரம் பிரியுங்கள். ஒரு அட்டையில் மணியும் பக்கமும் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். போனில் அலாரம் வையுங்கள். படுத்திருப்பவரே நேரத்தைக் கவனித்து, "என்னைத் திருப்புங்க" என்று கூப்பிடப் பழக வேண்டும். கை அசையாவிட்டாலும் இது அவரால் முடிந்த வேலை, அவருடைய உரிமையும்கூட.

இன்னொரு வழி குப்புறப் படுப்பது. எலும்பு துருத்தும் இடங்களுக்கு மேலும் கீழும் தலையணை கொடுத்துக் குப்புறப் படுக்கப் பழகினால், முதுகும் உட்காரும் இடமும் நீண்ட நேரம் பாரமில்லாமல் இருக்கும். ஆனால் மூச்சு விடுவதில் சிரமம் உள்ளவர்கள், தொண்டையில் டியூப் போட்டவர்கள் இதைச் செய்யக் கூடாது. மற்றவர்களும் மருத்துவமனையில் பழகிக்கொண்டே வீட்டில் செய்ய வேண்டும். நல்ல மெத்தை இருந்து, தோலில் தடம் ஏதும் விழாமல் இருந்தால் சிலருக்கு இடைவெளியை 3 அல்லது 4 மணி நேரமாகக் கூட்டலாம். இதையும் டாக்டர் சொன்ன பிறகு, ஒவ்வொரு முறையும் தோலைப் பார்த்து, அரை அரை மணி நேரமாகத்தான் கூட்ட வேண்டும்.

ஏர் பெட் வாங்கினால் போதுமா?

போதாது. ஏர் பெட் அழுத்தத்தைக் குறைக்கும், இல்லாமல் செய்யாது. திருப்புவதை நிறுத்தக் கூடாது. படுத்திருப்பவரின் இடுப்புக்கு நேரே, ஏர் பெட்டுக்கு அடியில் உள்ளங்கையை விட்டுப் பாருங்கள். எலும்பு கையில் இடித்தால் காற்று போதவில்லை என்று அர்த்தம். கரண்ட் போனால் பல ஏர் பெட்கள் மெல்ல இறங்கிவிடும். அதனால் அடியில் ஒரு நல்ல ஃபோம் மெத்தை இருக்கட்டும்.

சோளிங்கர் வெயில் தனிப் பிரச்னை. வேர்வையில் ஊறிய தோல் சீக்கிரம் கிழியும். காட்டன் விரிப்பு போடுங்கள், சுருக்கம் இல்லாமல் இழுத்து விடுங்கள். நனைந்த டயப்பரை உடனே மாற்றுங்கள். யூரின் டியூப் தொடைக்கு அடியில் மாட்டியிருக்கிறதா, படுக்கையில் ஸ்பூன், சார்ஜர், சில்லறை கிடக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். உணர்வில்லாத தோலுக்கு ஒரு பட்டன்கூடப் புண் தரும்.

வீட்டில் டிரெஸ்ஸிங் செய்வது எப்படி?

எத்தனை நாளைக்கு ஒருமுறை, எதை வைத்துக் கட்டுவது என்பதை டாக்டரோ நர்ஸோதான் சொல்ல வேண்டும். செய்முறை இதுதான்:

1. சோப்பு போட்டுக் கையைக் கழுவி, கிளவுஸ் போடுங்கள்.
2. பழைய கட்டு ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள். சலைன் ஊற்றி ஊறவைத்து எடுங்கள். அதைத் தனிக் கவரில் கட்டிப் போடுங்கள். பிறகு கையைக் கழுவிப் புது கிளவுஸ் மாட்டுங்கள்.
3. மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் நார்மல் சலைனால் புண்ணைக் கழுவுங்கள். திறந்த பாட்டிலை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம். சலைன் இல்லாத அன்று, கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர் போதும்.
4. சுத்தமான காஸ் துணியைச் சலைனில் நனைத்துப் பிழிந்து, குழிக்குள் தளர்வாக வையுங்கள். திணித்தால் அதுவே அழுத்தம்.
5. புண் ஈரமாகவும், சுற்றியுள்ள தோல் காய்ந்தும் இருக்க வேண்டும். மேலே காய்ந்த காஸ் வைத்து ஒட்டுங்கள்.
6. வாரம் ஒருமுறை பக்கத்தில் ஸ்கேல் வைத்து போனில் படம் எடுங்கள். டாக்டரிடம் காட்ட இதைவிட நல்ல ரெக்கார்டு இல்லை. சரியாகக் கவனித்தும் 2 வாரத்தில் சுருங்கவில்லை என்றால் மறுபடி போய்க் காட்டுங்கள்.

எதையெல்லாம் செய்யக் கூடாது?

மஞ்சள், காபித் தூள், சாம்பல், பச்சிலை எதையும் புண்ணுக்குள் போடாதீர்கள். ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றினால் நுரை வருவதைப் பார்த்து "அழுக்கு வெளியேறுது" என்று நினைப்பார்கள். அது புதிதாக வளரும் சதையையும் சேர்த்தே எரிக்கும். சிவந்த இடத்தில் எண்ணெய் தேய்த்து மசாஜ் செய்யாதீர்கள், உள்ளே அடிபட்ட சதை இன்னும் நசுங்கும். நடுவில் ஓட்டை உள்ள காற்று டியூப் மேல் உட்கார வைக்காதீர்கள், விளிம்பு அழுத்தி ரத்த ஓட்டத்தைத் தடுக்கும். வெந்நீர் ஒத்தடம் வேண்டவே வேண்டாம், சூடு தெரியாது, வெந்துவிடும்.

சாப்பாட்டில் என்ன கவனம்?

புண்ணிலிருந்து வடியும் நீரோடு புரதமும் போகிறது. அதனால் கஞ்சி, ரசம் சாதம் மட்டும் கொடுத்தால் ஆறாது. புண் உள்ளவருக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 1.25 முதல் 1.5 கிராம் புரதம் தேவை. 60 கிலோ எடை என்றால் 75 முதல் 90 கிராம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம், ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் சுமார் 7 கிராம், 100 கிராம் கோழிக்கறியில் சுமார் 25 கிராம் இருக்கிறது. பருப்பு, சுண்டல், பால், மீன் என்று வேளைக்கு ஒன்று சேருங்கள். சிறுநீரகப் பிரச்னை இருந்தால் டாக்டரிடம் கேட்டே கூட்ட வேண்டும். பீடி, சிகரெட்டை நிறுத்துவதும் புண்ணுக்கான சிகிச்சைதான்.

எப்போது உடனே ஓட வேண்டும்?

காய்ச்சல், குளிர் நடுக்கம், நாற்றம், சீழ், புண்ணைச் சுற்றிச் சிவப்பு பரவுவது, திடீர் குழப்பம் அல்லது மயக்கம் இருந்தால் தொற்று ரத்தத்தில் பரவியிருக்கலாம். தாமதிக்காதீர்கள்.

இன்னொன்று பலருக்கும் தெரியாதது. கழுத்தில் அல்லது நெஞ்சின் மேல்பகுதியில் தண்டுவடம் பாதிக்கப்பட்டவருக்கு, கீழே புண்ணோ, அடைத்த யூரின் டியூபோ, மலச்சிக்கலோ இருந்தால் ரத்த அழுத்தம் திடீரென்று எகிறும். மண்டையைப் பிளக்கும் தலைவலி, முகம் சிவப்பது, கழுத்துக்கு மேல் வேர்ப்பது இதன் அடையாளம். மருத்துவத்தில் ஆட்டோனமிக் டிஸ்ரிஃப்ளெக்ஸியா என்பார்கள். கவனிக்காவிட்டால் மூளையில் ரத்தக் கசிவு வரை போகும்.

உடனே நிமிர்த்தி உட்கார வையுங்கள், படுக்க வைக்காதீர்கள். இறுக்கமான துணி, பெல்ட்டைத் தளர்த்துங்கள். யூரின் டியூப் மடிந்திருக்கிறதா, பை நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள். குறையாவிட்டால் 108-ஐ அழையுங்கள். இவர்களுக்குச் சாதாரண நேரத்தில் ரத்த அழுத்தம் குறைவாகவே இருக்கும். அதனால் மற்றவர்களுக்கு நார்மல் எனத் தோன்றும் அளவே இவர்களுக்கு அதிகமாக இருக்கலாம். வழக்கமான அளவை ஒரு சீட்டில் எழுதி வைத்து, டூட்டி டாக்டரிடம் காட்டுங்கள்.

சோளிங்கர் பகுதியில் உதவி எங்கே கிடைக்கும்?

சோளிங்கரில் அரசு மருத்துவமனை உண்டு. ராணிப்பேட்டை மாவட்டத்தின் அரசு தலைமை மருத்துவமனை வாலாஜாபேட்டையில் இருக்கிறது. அடுத்து வேலூர் அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. தண்டுவட மறுவாழ்வுக்கு வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி.யின் மறுவாழ்வு மையம், சென்னை கே.கே.நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்கின்றன.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபியும் வலி, ஆதரவு சிகிச்சையும் தருகிறார்கள். அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்யுங்கள். தண்டுவடம் பாதிக்கப்பட்டோருக்கான மாதப் பராமரிப்புத் தொகை 2,000 ரூபாய்க்கும் வீல்சேருக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். மருத்துவமனைக்குப் போகும்போது முதலமைச்சர் காப்பீட்டு அட்டையையும் எடுத்துச் செல்லுங்கள், ஆபரேஷன் அதில் வருமா என்று முதலிலேயே கேளுங்கள்.

இப்படிப் பார்த்துக்கொண்டால் எவ்வளவு காலம் வாழ முடியும்?

பாகாயம் மறுவாழ்வு மையத்தின் கதையே அதற்குப் பதில். அதை 1966-ல் உருவாக்கிய டாக்டர் மேரி வர்கீஸ், 1954-ல் ஒரு கார் விபத்தில் தண்டுவடம் பாதிக்கப்பட்டவர். வீல்சேரில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார், 1972-ல் பத்மஸ்ரீ பெற்றார். 1975-ல் கடற்படைத் தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ்.ராமகிருஷ்ணன், 1981-ல் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார், 2020-ல் பத்மஸ்ரீ பெற்றார். 1998-ல் 18 வயதில் கழுத்துக்குக் கீழே செயலிழந்த முன்னாள் கிரிக்கெட் வீராங்கனை ப்ரீத்தி ஸ்ரீனிவாசன், பக்கத்து மாவட்டமான திருவண்ணாமலையில் 'சோல்ஃப்ரீ' அமைப்பை நடத்திவருகிறார்.

பல பத்தாண்டு வாழ்க்கை இவை. கழுத்து அடிபட்டாலும் அப்படி வாழ வேண்டுமென்றால், யாரோ ஒருவர் நேரத்துக்குத் திருப்பிப் போட்டு, தோலைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் படுத்திருந்தால், இதைப் படித்து முடித்ததும் போனைக் கீழே வைத்துவிட்டு அவருடைய இரண்டு குதிகால்களையும் ஒருமுறை பாருங்கள்.